மார்க்கரை நீட்டாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டீம் லீடாக இருக்கிறேன். இன்டர்வியூவுக்கு வரும் பிள்ளைகள் போர்டு முன்னால் நின்றதும் உறைந்துவிடுகிறார்கள். 'சேர்ந்து உட்கார்ந்து ஒரு பிரச்சினையைத் தீர்த்துப் பாருங்கள்' என்கிறார் நண்பர். அப்படிச் செய்தால் ஆளை எப்படி எடைபோடுவது? – வாசகி, கோவை

பதில்: நண்பர் சொல்வது சரி. நானும் பல வருடம் போர்டில்தான் எழுத வைத்தேன். ஒரு பையனிடம் லிங்க்டு லிஸ்டை, அதாவது ஒவ்வொரு கட்டமும் அம்புக்குறியால் அடுத்ததைக் காட்டும் தகவல் சங்கிலியை, திருப்பிப் போடச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க்கர் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். மூன்று கட்டம் வரைந்தான், அம்புக்குறி வரவில்லை. அப்புறம் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது முழு விடையையும் கடகடவென்று சொன்னான். அவனை எடுக்கவில்லை, இன்றும் அது உறுத்துகிறது.

2020-ல் நார்த் கரோலைனா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் 48 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தன. தனி அறையில் எழுதியவர்களோடு ஒப்பிட்டால், ஆள் பார்த்துக்கொண்டிருக்க எழுதியவர்களின் திறன் பாதிக்கும் கீழே போனது. பார்வைக்கு நடுவே எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியாக எழுதிய பெண்கள் எல்லாரும் தேறினார்கள்.

இப்போது லேப்டாப்பை இருவருக்கும் நடுவில் வைக்கிறேன். பஸ் புக்கிங்கில் 23-ஆம் சீட்டை இரண்டு பேர் ஒரே நொடியில் அமுக்க, இருவருக்குமே டிக்கெட் வந்துவிட்டது. எங்கே தப்பு என்று சேர்ந்து தேடுகிறோம். முதல் ஐந்து நிமிடம் நானே டைப் செய்கிறேன். சீட் காலியா என்று பார்ப்பதற்கும் அதைப் பதிவு செய்வதற்கும் நடுவில்தான் ஓட்டை. "டேபிளையே லாக் பண்ணிடலாமா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். அதாவது, ஒருவர் முடிக்கும்வரை எல்லா சீட்டும் உள்ள பட்டியலையே பூட்டிவைப்பது. "அப்படிப் பண்ணினா மத்த சீட்டுக்காரங்களும் நிக்கணுமே மேடம்" என்றாள். எனக்கு வேண்டியது அதுதான்.

எடைபோடுவதில் ஒரு ஆபத்து உண்டு. பிடித்துப்போனவருக்கு நம்மை அறியாமலே கூடுதலாக எடுத்துக்கொடுத்துவிடுவோம். அதனால் எல்லாருக்கும் ஒரே பிரச்சினை, திணறினால் எடுத்துக்கொடுக்க முன்கூட்டியே எழுதிவைத்த அதே மூன்று குறிப்புகள். எந்தக் குறிப்பை எப்போது கொடுத்தேன், அதை வைத்து அவர் என்ன செய்தார் என்று அப்போதே எழுதிவிடுகிறேன். உங்கள் டீமில் தீர்க்காமல் கிடக்கும் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள்; அது ஓசியில் வேலை வாங்குவது. என்ன நடக்கப்போகிறது என்று முந்தின நாளே மெயிலில் சொல்லிவிடுங்கள். முதலில் டீமில் ஒருவரை உட்காரவைத்து ஒத்திகை பாருங்கள். 45 நிமிடத்தில் முடியவில்லை என்றால் கேள்வியைச் சின்னதாக்குங்கள்.