கனிம உப்புகளின் நானோ துகள்களைத் தயாரிக்க எந்த முறை நல்லது?

பேரியம் சல்பேட், கால்சியம் கார்பனேட், சோடியம் குளோரைடு போன்ற உப்புகளை நானோ அளவில் தயாரிக்க என்னென்ன முறைகள் உள்ளன, புராஜெக்ட்டுக்கு எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் இந்த வேலையோடு சில காலம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நானோ துகள் உண்டாவதில் சிரமமே இல்லை. எந்த வீழ்படிவும் (கரைசலிலிருந்து திடமாகப் பிரிந்து விழும் பொருள்) பிறக்கும்போது சில நானோமீட்டர் அளவில்தான் பிறக்கிறது. அதை அங்கேயே நிறுத்தி வைப்பதுதான் பெரும்பாடு. அதனால் ஒரு முறையைப் படிக்கும்போது, அது துகளை எப்படி உண்டாக்குகிறது என்பதைவிட, வளர்ச்சியை எந்த இடத்தில் தடுக்கிறது என்று பாருங்கள். அப்புறம், உங்கள் உப்பு தண்ணீரில் கரையுமா கரையாதா என்பதைப் பொறுத்துப் பாதி முடிவு தானாகவே எடுக்கப்பட்டுவிடும்.

கரையாத உப்பு என்றால் நேரடி வீழ்படிவாக்கலில் தொடங்குங்கள். பேரியம் குளோரைடு, சோடியம் சல்பேட் இரண்டையும் லிட்டருக்கு 0.1 மோல் செறிவில் எடுத்துச் சம அளவு கலந்தால், கலந்த கணத்தில் ஒவ்வோர் அயனியும் 0.05 மோல் இருக்கும். பேரியம் சல்பேட்டின் கரைதிறன் பெருக்கம், அதாவது கரைசல் தாங்கக்கூடிய இரு அயனிச் செறிவுகளின் பெருக்கற்பலன், சுமார் 10⁻¹⁰. கணக்குப் போட்டால் கரைசல் தாங்கக்கூடியதைப் போலச் சுமார் 5000 மடங்கு செறிவு வருகிறது. இவ்வளவு அதிதெவிட்டிய நிலையில் உட்கருக்கள், அதாவது படிகம் வளரத் தொடங்கும் நுண்விதைகள், ஒரே வெடிப்பாகப் பிறக்கும். இருக்கிற அயனிகளை எல்லாம் அவை பங்குபோட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றும் சிறியதாகவே நின்றுவிடும். உட்கருவாகும் கட்டமும் வளரும் கட்டமும் பிரிந்திருந்தால் துகள்கள் ஒரே அளவில் வரும் என்ற இந்தப் படத்தை 1950-இல் லாமெர், டினேகர் இருவரும் கந்தகக் கூழ்மத்தை வைத்து வரைந்தார்கள். இன்றும் எல்லோரும் அதைத்தான் எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

இளநிலையில் எடையறி பகுப்பாய்வு (வீழ்படிவை வடிகட்டி எடைபோட்டு அளவிடுவது) செய்தவர்களுக்கு இங்கே ஒரு கைப்பழக்கம் குறுக்கே நிற்கும். அங்கே சொல்லிக்கொடுத்தது என்ன? நீர்த்த கரைசல், சூடாக இருக்க வேண்டும், துளித்துளியாகச் சேர்க்க வேண்டும், பிறகு நீர்க்குளியலில் வைத்துப் பழுக்கவிட வேண்டும். எல்லாம் துகள் பெரிதாகி வடிதாளில் தங்குவதற்காக. நமக்கு வேண்டியது அப்படியே தலைகீழ்: செறிவான கரைசல், குளிர்ச்சி, ஒரே மூச்சில் கலப்பது, உடனே பிரித்தெடுப்பது. காத்திருந்தால் சின்னத் துகள்கள் கரைந்து பெரியவற்றின் மேல் படியும். ஆஸ்ட்வால்ட் முதிர்ச்சி என்பது இதுதான்.

கலக்கும் வேகத்தைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். இந்தச் செறிவில் உட்கருவாக்கம் மில்லிவினாடிக் கணக்கில் நடந்துவிடுகிறது. பீக்கரில் சுற்றும் மேக்னடிக் ஸ்டிரரால் அதற்குள் கரைசலைச் சீராகக் கலக்க முடியாது. ஓரிடத்தில் செறிவு கூடியும் இன்னோரிடத்தில் குறைந்தும் இருக்கும். இரண்டு சிரிஞ்சுகளை ஒரு சிரிஞ்சு பம்பில் மாட்டி, டி வடிவ இணைப்பில் இரு கரைசல்களையும் வேகமாக மோதவிட்டுப் பாருங்கள். வேறு எதையும் மாற்றாமலேயே அளவுப் பரவல் ஒடுங்கும். கூடவே சோடியம் சிட்ரேட்டோ பாலிஅக்ரிலிக் அமிலமோ சேர்த்தால், அது பரப்பில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியையும் ஒட்டுதலையும் தடுக்கும்.

கால்சியம் கார்பனேட் கொஞ்சம் அடங்காத பிள்ளை. முதலில் படிகமற்ற வடிவில் வந்து, வேட்டரைட் என்ற படிகமாகி, கடைசியில் கால்சைட் என்ற இன்னொரு படிகமாக மாறும். சும்மா விட்டால் மைக்ரான் அளவுக்கு வளர்ந்தே தீரும். தொழிற்சாலைகளில் சுண்ணாம்புப் பாலில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தித் தயாரிக்கிறார்கள். துகள்கள் ஒட்டாமலிருக்க ஸ்டியரிக் அமிலப் பூச்சு கொடுப்பதும் உண்டு.

அடுத்தது மைக்ரோ எமல்ஷன். ஹெப்டேன் போன்ற எண்ணெயில் ஏஓடி என்ற சர்ஃபாக்டன்ட் (சோப்பு போன்ற பொருள்) சூழ்ந்த நீர்த்துளிகள் சில நானோமீட்டர் அளவில் மிதக்கும். ஒன்றில் பேரியம், இன்னொன்றில் சல்பேட் வைத்துக் கலந்தால், துளிகள் மோதும்போது உள்ளே வினை நடக்கும். நீருக்கும் சர்ஃபாக்டன்ட்டுக்கும் உள்ள மோல் விகிதத்தை மாற்றினால் துளியின் அளவு மாறும். ஆய்வுக் கட்டுரையில் படம் போட இதைவிட அழகான முறை கிடையாது. ஆனால் ஒரு கிராம் தூள் வேண்டும் என்றால் கரைப்பானையும் சர்ஃபாக்டன்ட்டையும் கழுவிக் கழுவியே நாள் போய்விடும். புராஜெக்ட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பந்து அரைவை, அதாவது கடினமான பந்துகளோடு போட்டு உருட்டி அரைப்பது, எந்த உப்புக்கும் பொருந்தும்தான். ஆனால் பந்திலிருந்து உதிரும் அழுக்கும் தாறுமாறான அளவும் சேர்ந்தே வரும்.

சோடியம் குளோரைடு போன்ற கரையும் உப்புக்குத் தண்ணீர்தான் எதிரி. செறிவான கரைசலை எத்தனாலில் பாய்ச்சி வீழ்த்தலாம், ஆனால் தடுப்புப் பொருள் இல்லாவிட்டால் பெரும்பாலும் மைக்ரான் படிகங்கள்தான் மிஞ்சும். இதற்கு ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துளிகள்) வழியே மேல். கரைசலை அட்டமைசரில் தெளித்து, துளிகளை உலர்ந்த காற்றில் ஆவியாக்குங்கள். ஒவ்வொரு துளியும் ஒரு துகளாகும். 1 மைக்ரான் துளியில் லிட்டருக்கு 1 கிராம் உப்பு இருந்தால், உலர்ந்த துகள் சுமார் 77 நானோமீட்டர் வரும். இங்கே கனமூல விதி வேலை செய்கிறது: விட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கக் கரைசலை 1000 மடங்கு நீர்க்க வேண்டும். அந்த அளவுக்குப் போனால் தண்ணீரில் இருக்கும் அழுக்கே துகளில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும், ஆகவே மிகத் தூய நீர் கட்டாயம். அமெரிக்காவில் என்95 முகக்கவசத்தைச் சோதிக்க இப்படிப்பட்ட உப்புத் துகள்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். எண்ணிக்கைப்படி நடுவிட்டம் 75 நானோமீட்டர், 20 கூடலாம் குறையலாம். எப்படித் தயாரித்தாலும் சரி, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு நீரை இழுத்துக் கரைந்துவிடும். டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய கலம்) வையுங்கள்.

எந்த முறையானாலும் வேலை கெடுவது பெரும்பாலும் உலர்த்தும்போதுதான். நீர் வற்ற வற்ற நுண்புழை விசை துகள்களை நெருக்கி இறுக்கிவிடும். அடுப்பில் காய்ந்த தூளைப் பிறகு எவ்வளவு அல்ட்ராசோனிக்கில் வைத்தாலும் பிரியாது. சென்ட்ரிஃபியூஜில் நீரால் கழுவி, கடைசியில் எத்தனாலுக்கு மாற்றுங்கள், அல்லது உறைய வைத்து உலர்த்துங்கள். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவு) உச்சியின் அகலத்தை வைத்து ஷெரர் சமன்பாடு போட்டு 30 நானோமீட்டர் என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். அது படிகக் களத்தின் அளவு. அப்படிப்பட்ட நூறு களங்கள் ஒட்டிய கட்டியும் அதே 30-ஐத்தான் காட்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு படம் எடுத்து, கலவையிலிருந்து நேரடியாக எடுத்த துளிக்கும் உலர்ந்த தூளை மறுபடி நீர்மத்தில் கலக்கிய துளிக்கும் டிஎல்எஸ் (ஒளிச்சிதறலால் துகள் அளவை அறியும் சோதனை) தனித்தனியாகப் போட்டால் உங்கள் உலர்த்தல் எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பேரியம் சல்பேட்டை எடுப்பதானால், அது கரையாது என்பதால் அதிக ஆபத்தில்லை, ஆனால் பேரியம் குளோரைடு நச்சு. கையுறை போடுங்கள், மிச்சக் கரைசலில் சல்பேட்டைக் கூடுதலாகச் சேர்த்துப் பேரியம் முழுவதையும் வீழ்த்திவிட்டு, அதைக் கழிவுக் குப்பியில் சேருங்கள்.