தாளை முதலில் மடியுங்கள்: சிறுநூல் அச்சிடுவோர் கேள்வி-பதில்

செட்டிநாட்டு விசேஷங்களில் தாம்பூலப் பையோடு ஒரு சிறுநூலும் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. முன்பெல்லாம் கையெழுத்துப் பிரதியை அச்சகத்தில் கொடுத்தால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இப்போது வீட்டிலேயே வேர்டில் தட்டச்சு செய்கிறோம். அதனால் அச்சுக்கோப்பவருக்குத் தெரிந்திருந்த சில நுணுக்கங்கள் நமக்கும் தெரிந்தாக வேண்டும். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அவற்றைப் பற்றியவைதான்.

எங்கள் அப்பச்சியின் (அப்பாவின்) அறுபதாம் கல்யாணத்துக்கு 16 பக்கத்தில் வழிபாட்டுப் பாடல் நூல் தயாரித்தேன். ஏ4 தாளை மடித்துப் பார்த்தால் பக்கங்கள் முன்பின்னாக இருக்கின்றன. பின்பக்கம் தலைகீழாக வேறு விழுகிறது. – காரைக்குடி வாசகி

கணினியைச் சற்று நேரம் மறந்துவிடுங்கள். நான்கு வெள்ளை ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். புத்தகமாகப் புரட்டியபடி பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போடுங்கள். பிறகு தாள்களைப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒரு புறத்தில் 16, 1 என்ற எண்கள் அருகருகே நிற்கும். மறுபுறத்தில் 2, 15. அடுத்த தாளில் 14, 3. அதன் பின்புறம் 4, 13. எந்த இணையைக் கூட்டினாலும் 17 வரும். இந்தப் பென்சில் மாதிரியை வேலை முடியும்வரை மேசையில் வைத்திருங்கள். எந்தச் சந்தேகம் வந்தாலும் பதில் அதில் இருக்கும்.

வேர்டில் இந்த அடுக்கைக் கையால் செய்ய வேண்டியதில்லை. லேஅவுட், மார்ஜின்ஸ், கஸ்டம் மார்ஜின்ஸ் என்று சென்று, 'மல்டிபிள் பேஜஸ்' என்ற இடத்தில் 'புக் ஃபோல்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தாள் தானாகவே படுக்கைவாட்டில் மாறி, ஒவ்வொரு பக்கமும் ஏ4இல் பாதி, அதாவது ஏ5 அளவுக்கு வந்துவிடும். இதைத் தட்டச்சு தொடங்கும் முன்பே செய்வது நல்லது. எல்லாம் முடித்த பிறகு மாற்றினால் வரிகள் இடம் பெயர்ந்து, ஒரு பாடலின் கடைசி அடி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும்.

தலைகீழ் விழுவதற்குக் காரணம் தாளைத் திருப்பும் பக்கம். இருபுற அச்சில் 'ஃபிளிப் ஆன் ஷார்ட் எட்ஜ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் பிரிண்டரில் 'லாங் எட்ஜ்' இருந்திருக்கும். எத்தனை பிரதி வேண்டுமானாலும் முதலில் ஒன்றே ஒன்றை அச்சிட்டு, பென்சில் மாதிரியோடு ஒப்பிட்டுவிட்டு மற்றவற்றை அச்சிடுங்கள்.

சாதாரண ஸ்டேப்லர் நடு மடிப்புவரை எட்டாது. மூன்று துளையிட்டு, ஊசி நூலால் நடுத்துளை வழியே உள்ளே நுழைந்து, மேல்துளை, கீழ்த்துளை சுற்றி, நடுத்துளையிலேயே திரும்பி வந்து முடிச்சுப் போடுங்கள். மங்கல நிகழ்ச்சிக்கு மஞ்சள் நூல் பொருத்தமாகவும் இருக்கும். கம்பியைப் போலத் துருவும் பிடிக்காது.

27 பக்கம் வந்திருக்கிறது. கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் வருமா? – தேவகோட்டை வாசகர்

வரும். ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம், ஆகவே மொத்தம் நான்கின் மடங்காகத்தான் இருக்கும். உங்களுக்கு 28. அந்த ஒரு பக்கத்தில் குடும்பப் படம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் ஆயா (பாட்டி) சொல்லச் சொல்ல எழுதிய பலகாரக் குறிப்புகள் பழைய எழுத்துருவில் இருக்கின்றன. வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. – கானாடுகாத்தான் வாசகி

கோப்பு கெடவில்லை, கவலை வேண்டாம். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது. யுனிகோடில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது. மாற்றிமென்பொருள் ஒன்றால் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு, பிறகு ஒவ்வொரு வரியையும் கண்ணால் படியுங்கள். கொம்பு, கால் இடம் மாறுவதுண்டு. ½ போன்ற குறிகள் வேறு எழுத்தாகிவிடும். கந்தரப்பத்துக்கு அரை உழக்கு என்று ஆயா சொன்னது காணாமல் போனால் குறிப்பே வீண். அளவுகளை 'அரை', 'கால்' என்று எழுத்திலேயே எழுதுங்கள். 'கைக்குப் பதமாக' போன்ற ஆயாவின் சொற்களைத் திருத்தாதீர்கள். கிராம் கணக்கு வேண்டுமானால் பக்கத்தில் தனியாகக் கொடுங்கள். அச்சகத்துக்கு வேர்டு கோப்பை அனுப்பாமல், எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

வீட்டு முகப்பில் மாட்டியிருக்கும் ஐயாவின் (தாத்தாவின்) பழைய படம் அச்சில் மங்கலாக வருகிறது. – பள்ளத்தூர் வாசகர்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தால் அது சுருங்கியிருக்கும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். வேர்டும் தன் பங்குக்குச் சுருக்கும். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் 'டு நாட் கம்ப்ரஸ்' என்பதைக் குறியிடுங்கள். ஏ5 பக்கத்தில் ஓரம் போக 11 அல்லது 12 செ.மீ. அகலம் கிடைக்கும். அதற்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஏறத்தாழ 1,400 பிக்சல் அகலம் தேவை.

படம் சட்டகத்தின் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிரிக்க முயலாதீர்கள். முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும், பிறகு யாராலும் மீட்க முடியாது. சட்டகத்தோடு வளவு வாசலுக்கு (வீட்டின் உள்முற்றத்துக்கு) கொண்டுவந்து, வெயில் நேராக விழாத ஓரத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். எதிரே ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் கண்ணாடியில் உங்கள் பிம்பம் விழாது.

படைப்புக்காக (முன்னோர் வழிபாட்டுக்காக) பங்காளிகள் வரிசையைத் தொகுத்தோம். 120 பக்கம். நடுவில் பின் அடிக்கலாமா? – புதுவயல் வாசகர்

கூடாது. 30 தாள்களை ஒன்றாக மடித்தால் முதுகு புடைக்கும், உள்தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 60 பக்கத்துக்குமேல் பின் அடிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. புக் ஃபோல்ட் அமைப்பில் 'ஷீட்ஸ் பெர் புக்லெட்' என்ற இடத்தில் 16 என்று கொடுத்தால் 16 பக்கக் கட்டுகளாகப் பிரியும். பைண்டர் தைத்துக் கொடுப்பார். எட்டுக் கட்டுக்கு 128 பக்கம். மிஞ்சும் எட்டுப் பக்கங்களையும் கோடிட்டு வெறுமையாக விடுங்கள். இனி நடக்கும் கல்யாணங்களையும் பிறக்கும் பிள்ளைகளையும் ஒவ்வொரு வீட்டிலும் கையால் எழுதிக்கொள்ளட்டும்.

வேர்டு இல்லை, லிப்ரே ஆபீஸ்தான் இருக்கிறது. – குன்றக்குடி வாசகி

போதும். பக்க அளவை ஏ5 ஆக வைத்து எழுதுங்கள். அச்சிடும்போது தாளை ஏ4 ஆக்கி, 'புரோஷர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பக்கங்களை அதுவே அடுக்கிக்கொள்ளும்.

வீட்டு நூல்தானே, ஆண்டு, ஊர் எல்லாம் போட வேண்டுமா? – கொத்தமங்கலம் வாசகர்

கட்டாயம் போடுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் நூல்களைச் சேர்த்தார். மற்றவர்கள் வீசியெறியும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும்கூட அவர் விடவில்லை. அவர் 1992இல் மறைந்தார். அந்தச் சேகரிப்புதான் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இருக்கிறது. அப்படி ஒருவர் கையில் நாளை உங்கள் நூலும் கிடைக்கலாம். அட்டை கிழிந்து போகக்கூடும் என்பதால் உள்ளே, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில், சிறிய எழுத்தில் போடுங்கள்: தொகுத்தவர் பெயர், ஊர், எந்த விசேஷம், தமிழ் ஆண்டு, ஆங்கில ஆண்டு, எத்தனை பிரதி.