பயம் போகாத ராத்திரிகளில் தேவனை அடைக்கலமாகக் கொள்வது எப்படி: புதிதாக வந்த ஒரு தம்பிக்குப் பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கமாக மறுபடி எழுதிவிடுகிறேன். வெளிநாடு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. வேலை நிலைக்குமா என்று தெரியவில்லை. விசா சம்பந்தமாக ஒரு கடிதம் வந்திருக்கிறது, அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கவே கை நடுங்குகிறது. ராத்திரி தூக்கம் இல்லை. 91-ஆம் சங்கீதத்தைத் தினமும் வாசித்தும் பயம் விடவில்லை. "எனக்கு விசுவாசம் போதாதா? தேவனை அடைக்கலமாகக் கொள்வது என்றால் உண்மையில் என்னதான் செய்யவேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயம் இருப்பதால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடாது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது 56-ஆம் சங்கீதம். பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம் இருக்கின்றன. இன்னும் உங்கள் நிலைமைக்கு நெருக்கமாக வேண்டுமானால் 142-ஐ எடுங்கள். தாவீது குகையில் இருக்கும்போது செய்த விண்ணப்பம் என்று அதன் தலைப்பே சொல்கிறது. மொத்தம் 7 வசனங்கள். நான்காம் வசனத்தில் "என்னை அறிவார் ஒருவரும் இல்லை, எனக்கு அடைக்கலம் இல்லாமற்போயிற்று" என்கிறார். அடுத்த வசனத்திலேயே "நீரே என் அடைக்கலம்" என்கிறார். இரண்டுக்கும் நடுவில் நிலைமை மாறவில்லை, குகையை விட்டு வெளியே வரவும் இல்லை. யாரும் இல்லை என்பதை ஒளிக்காமல் தேவனிடமே சொன்னார், அவ்வளவுதான் நடந்தது. புது ஊரில் யாருமே தெரியாமல் இருக்கிறவர்களுக்கு முதலில் இந்தச் சங்கீதத்தைத்தான் சொல்வேன், 91-ஐ அதற்குப் பிறகுதான்.

91-ஐக் குறைத்துச் சொல்வதாக நினைக்கவேண்டாம். அதை எப்படி வாசிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒன்றும் நேராது என்ற உத்தரவாதச் சீட்டாக அதை எடுத்துக்கொண்டு, ஏதாவது நேர்ந்ததும் நொறுங்கிப்போகிறார்கள். 15-ஆம் வசனத்தைப் பாருங்கள்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று இருக்கிறது. ஆபத்து வரும் என்பதை வைத்துக்கொண்டுதான் அந்த வாக்குத்தத்தமே பேசுகிறது. தூதர்கள் உன்னைத் தாங்கிக்கொள்வார்கள் என்கிற, இதே சங்கீதத்தின் 11, 12 வசனங்களைச் சொல்லித்தான் பிசாசானவன் இயேசுவை ஆலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான் (மத்தேயு 4-ஆம் அதிகாரம்). தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று பதில் சொல்லி இயேசு மறுத்துவிட்டார். ஆகவே இத்தனை தடவை வாசித்தால் இது நடக்கும் என்று கணக்கு வைக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரே தடவை, வாய்விட்டு, நிதானமாக வாசித்தால் போதும்.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

கி.மு. 701-இல் அசீரியா ராஜாவாகிய சனகெரிப் யூதாவின் பட்டணங்களைப் பிடித்துக்கொண்டு எருசலேமை நெருக்கினான். யூதாவின் ராஜாவாகிய எசேக்கியாவுக்கு ஒரு மிரட்டல் நிருபம், அதாவது கடிதம், வந்தது. அப்போது அவர் செய்ததை 2 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் வரிசையாகப் பார்க்கலாம். முதலில் நிருபத்தை வாங்கி வாசித்தார். பிறகு கர்த்தரின் ஆலயத்துக்குப் போய், அதை அவருக்கு முன்பாக விரித்து வைத்தார். பிறகுதான் ஜெபம். அந்த ஜெபம் 15 முதல் 19 வரை ஐந்தே வசனங்கள். நீர் ஒருவரே தேவன் என்று தொடங்குகிறது. செவியைச் சாய்த்துக் கேளும், கண்களைத் திறந்து பாரும் என்று மன்றாடுகிறது. அடுத்து, அசீரியர் மற்ற தேசங்களைப் பாழாக்கியது மெய்தான் என்று உள்ளதை உள்ளபடி ஒத்துக்கொள்கிறது. கடைசியில் ஒரே ஒரு வேண்டுதல்: எங்களை அவன் கைக்கு நீங்கலாக்கி இரட்சியும்.

நீங்களும் அப்படியே செய்யலாம். கடிதத்தைப் பகல் வெளிச்சத்தில், முடிந்தால் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுவதும் வாசியுங்கள். ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: என்ன கேட்டிருக்கிறார்கள், எந்தத் தேதிக்குள், எந்தெந்தக் காகிதங்கள். பிறகு கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்து ஜெபியுங்கள். "எல்லாப் பிரச்சினையையும் நீக்கும்" என்று மொத்தமாகச் சொல்லாமல், இன்ன தேதிக்குள் இன்ன காகிதம் வேண்டும், இன்னாரிடம் பேசவேண்டும், அதற்கு வழி காட்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஜெபம் முடிந்ததும் எழுந்து, அந்தத் தாளில் உள்ள முதல் வேலையை அப்போதே தொடங்குங்கள். கடிதத்தைப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டுவிட்டு உபவாசம் இருக்கிறவர்கள் உண்டு. கெடு தேதி அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. சட்டம் சம்பந்தப்பட்ட சந்தேகத்தை அந்த நாட்டில் முறையான அனுமதி பெற்ற ஆலோசகரிடம் கேளுங்கள். சபையில் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், அந்தத் துறை தெரியாதவர் சொல்வதை வைத்து விண்ணப்பம் போடாதீர்கள்.

இப்படி ஓடியாடினால் அவிசுவாசமோ என்று உங்களுக்குத் தோன்றலாம். அதே எசேக்கியாதான் குளத்தையும் வாய்க்காலையும் உண்டாக்கித் தண்ணீரை நகரத்துக்குள் வரப்பண்ணினவர் (2 இராஜாக்கள் 20:20). அவருடையது என்று சொல்லப்படும் சுரங்கம் எருசலேமில் இன்றும் இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 533 மீட்டர். இரண்டு பக்கமிருந்தும் பாறையைக் குடைந்துவந்து நடுவில் சந்தித்ததை விவரிக்கும் கல்வெட்டு 1880-இல் அதற்குள்ளேயே கிடைத்தது. முற்றுகை வரப்போகிறது என்று தெரிந்து தண்ணீருக்கு ஏற்பாடு செய்தவரும், நிருபத்தை ஆலயத்தில் விரித்து வைத்தவரும் ஒரே ஆள்தான்.

அடைக்கலத்துக்குப் போகும் வழியை முன்கூட்டியே போட்டு வைக்கவேண்டும். இஸ்ரவேலில் கைப்பிசகாய்க் கொலைசெய்தவன் ஓடிப்போய்த் தப்ப ஆறு அடைக்கலப்பட்டணங்கள் இருந்தன, யோர்தானுக்கு இந்தப்பக்கம் மூன்று, அந்தப்பக்கம் மூன்று. அவற்றுக்கு வழியை உண்டுபண்ணி வைக்கவேண்டும் என்று உபாகமம் 19 கட்டளையிடுகிறது. துரத்துகிறவன் பின்னால் வரும்போது யாரும் பாதை வெட்டிக்கொண்டிருக்க முடியாதே. எண்ணாகமம் 35:15-ஐயும் பாருங்கள். அந்தப் பட்டணங்கள் பரதேசிக்கும் அந்நியனுக்கும் கூடத் திறந்திருந்தன. நம்மைப் போன்றவர்கள் அந்த வசனத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.

அப்படி வழி போட்டு வைப்பதற்கு நீண்ட ஜெபம் தேவையில்லை. "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" என்று 55-ஆம் சங்கீதம் சொல்வதுபோல் நாளைக்கு மூன்று வேளை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் வையுங்கள். ஷிப்ட் வேலை என்றால் மணிக் கணக்கு நிற்காது, வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் நேரத்தோடு கட்டாமல் ஒரு செயலோடு கட்டுங்கள்: எழுந்து முகம் கழுவியதும், வேலை இடைவேளையில் உட்கார்ந்ததும், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும். வெளியே கிளம்பும்போது 121-ஆம் சங்கீதம் பொருத்தம். எட்டே வசனம்தான், ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும்" காப்பார் என்று முடிகிறது. ஆராதனை அந்த ஊர் மொழியில் நடந்தாலும், தனி ஜெபத்தைத் தாய்மொழியிலேயே செய்யுங்கள். கலங்கியிருக்கும் நேரத்தில் இரவல் மொழியில் மனம் திறக்காது.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் படுக்கையில் புரண்டுகொண்டே ஜெபிக்க முயலாதீர்கள். அது ஜெபமாகத் தொடங்கிக் கவலையாக முடியும். எழுந்து உட்கார்ந்து, மங்கலான ஒரு விளக்கைப் போட்டு, அச்சுப் புத்தகத்தில் 13-ஆம் சங்கீதத்தைத் திறங்கள். போனில் வேண்டாம். வசனம் தேடப் போன கை அடுத்த நிமிடம் செய்திக்குப் போய்விடும். 13-இல் ஆறு வசனங்கள்தான். முதல் இரண்டும் முறையீடு, அதில் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறார். அடுத்த இரண்டும் வேண்டுதல். கடைசி இரண்டும் நம்பிக்கை. இதே வரிசையில் உங்கள் வார்த்தைகளில் சொல்லுங்கள்: எது வலிக்கிறது, என்ன வேண்டும், எதை நம்பியிருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். முடிவில் 4-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டுப் படுங்கள்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்". மூன்றாவது பகுதி சில ராத்திரி வாயில் வராது. அந்த ராத்திரிக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அது கடைசிவரை வெளிச்சத்துக்கு வராமலே முடிகிறது, ஆனாலும் வேதத்துக்குள் இருக்கிறது. அதை மட்டும் வாசித்துவிட்டுப் படுத்தாலும் அதுவும் ஜெபம்தான்.

உடம்பையும் கவனிக்கவேண்டும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது (1 இராஜாக்கள் 19), தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுத் தூங்கினார், இரண்டாவது தடவையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவன் அவரிடம் கேட்ட கேள்வியும், கொடுத்த புது வேலையும், துணைக்கு எலிசாவும், எல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு வாரத்துக்கு மேல் சரியான தூக்கமோ சாப்பாடோ இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், அந்த நாட்டின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். மருந்து எடுப்பதால் விசுவாசம் குறைந்துவிடாது. குறையும் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

சபை விஷயம். அடைக்கலப்பட்டணத்துக்கு ஓடிவந்தவன் வாசலில் நின்று தன் காரியத்தை மூப்பர்கள் கேட்கச் சொல்லவேண்டும், அவர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டு குடியிருக்க இடம் கொடுக்கவேண்டும் என்று யோசுவா 20-இல் இருக்கிறது. தேவன் வைத்த அடைக்கலத்திலும் கேட்கிற மனிதக் காது இருந்தது. ஆகவே வாரத்துக்கு ஒரு சபை என்று மாற்றாமல், ஒரே இடத்துக்கு ஆறு வாரமாவது போங்கள். ஆராதனை முடிந்த கையோடு கிளம்பாதீர்கள். நாற்காலி அடுக்கவாவது நில்லுங்கள், அங்கேதான் பேச்சு தொடங்கும். வீட்டு ஜெபக் கூட்டம் இருந்தால் அதில் சேருங்கள். "எனக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். "வியாழக்கிழமை நேர்காணல், பத்து மணிக்கு" என்று சொன்னால் அன்றைக்கு உங்களை நினைப்பார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கலங்கி இருக்கிறவர்களைத் தேடிப் போனில் தீர்க்கதரிசனம் சொல்லிக் காணிக்கை கேட்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் (29-ஆம் அதிகாரம்) இவர்களைப் பற்றியும் இருக்கிறது. உங்கள் நடுவிலிருக்கிற தீர்க்கதரிசிகளும் குறிக்காரரும் உங்களை மோசம்போக்க விடாதேயுங்கள் என்கிறார். சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது எரேமியா சொன்ன கணக்கு எழுபது வருஷம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றும் எழுதினார். எந்தத் தேதிக்குள் விசா கிடைக்கும் என்று ஒருவர் சொல்லிக் கையோடு பணமும் கேட்டால் அந்த அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். கடன் வாங்கி ஒருபோதும் காணிக்கை அனுப்பாதீர்கள்.

வீட்டுக்குப் பேசும்போது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே சொல்லிச் சொல்லி உள்ளுக்குள் பாரம் ஏறிப்போகும். அம்மாவிடம் சொன்னால் தாங்கமாட்டார்கள் என்று தோன்றினால் அண்ணனோ அக்காவோ ஒருவரிடமாவது கடிதத்தின் விஷயத்தை உள்ளபடி சொல்லிவையுங்கள். கெடு தேதியையும் அவர்களிடம் சொல்லுங்கள். அந்த வாரத்தில் அவர்கள் உங்களைக் கூப்பிட்டு "அனுப்பியாச்சா?" என்று கேட்கட்டும்.