பச்சை என்றால் பச்சை நிறம்தானா? – கேள்வி பதில்

நீடாமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். 'பச்சை' என்ற சொல்லைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

பச்சரிசி வெள்ளையாகத்தானே இருக்கிறது ஐயா? அதில் பச்சை எங்கே? (கும்பகோணம்)

அங்கே பச்சை என்பது நிறம் இல்லை அம்மா, நிலை. நெருப்புப் படாதது, வேகாதது என்று பொருள். சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள். பச்சரிசிக்கு எதிர் புழுங்கலரிசி. பச்சைத் தண்ணீருக்கு எதிர் வெந்நீர். பச்சைப் பாலுக்குக் காய்ச்சிய பால். சூளைக்காரரிடம் போனால் பச்சைக் கல்லுக்கு எதிர் சுட்ட கல். எதிலாவது சிவப்போ மஞ்சளோ வருகிறதா? வராது. குழம்பில் 'பச்சை வாசனை போகட்டும்' என்று நீங்கள் சொல்வதும் இதே பச்சைதான்.

சமயபுரத்தம்மனுக்குப் பச்சைப் பட்டினி என்கிறார்களே? (திருவையாறு)

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், இவைதான். துள்ளுமாவு என்பது பச்சரிசி மாவும் வெல்லமும், அடுப்பில் ஏறாது. நெருப்புப் படாததை மட்டும் ஏற்கும் பட்டினி, அதனால் பச்சைப் பட்டினி. அம்மனுக்கே பொருந்துகிற அளவுக்கு மதிப்பான சொல் இது. கெட்ட பேச்சுக்கு மட்டும் உரியது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அப்படியானால் பச்சை பச்சையாகத் திட்டினான் என்பது? (மயிலாடுதுறை)

பக்குவம் செய்யாமல், மூடி மறைக்காமல் அப்படியே கொட்டிய வார்த்தை. பச்சைப் பொய், பச்சைத் துரோகம் எல்லாம் இந்த வழியில் வந்தவை. கலப்பே இல்லாத பொய் என்று அர்த்தம். அதே 'கலப்பில்லாத' பொருளை வைத்துத்தான் பெரியார் காமராசரைப் பச்சைத் தமிழர் என்றார். ஒரே சொல் ஓரிடத்தில் வசை, இன்னோரிடத்தில் பெரிய பாராட்டு.

பிள்ளை பெற்ற என் மகளை மாமியார் 'பச்சை உடம்புக்காரி' என்றார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. (பாபநாசம்)

வருத்தப்படாதீர்கள் அம்மா. அது கரிசனச் சொல். உள்ளே இன்னும் ஆறாத உடம்பு, காற்றும் குளிரும் படக் கூடாது, வேலை வாங்கக் கூடாது என்பதற்காகச் சொல்வது. பச்சைப் புண் என்கிறோமே, அதே ஆறாத பச்சை. பச்சைக் குழந்தையும் அப்படித்தான், உலகம் இன்னும் தொடாதது. அந்தச் சொல்லைச் சொல்கிற மாமியார் மகளை நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

பசும்பாலும் பச்சையிலிருந்து வந்ததா? (மன்னார்குடி)

இல்லை. அது பசு மாட்டின் பால். பசும்பொன்னில்தான் பசுமை இருக்கிறது.

பச்சை குத்துவது? (திருத்துறைப்பூண்டி)

அங்கே நிறம்தான். கரிய மை தோலுக்கு அடியில் போனதும் பச்சையாகத் தெரியும்.

வயலில் நிறமா, நிலையா? (பட்டுக்கோட்டை)

இரண்டும் உண்டு. நட்ட நாற்று சில நாள் வெளுத்துத் துவண்டு கிடக்கும். வேர் ஊன்றியதும் 'பச்சை பிடித்துவிட்டது' என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற நிறம், ஆனால் சொல்ல வருவது பயிர் பிழைத்தது என்பதை. பச்சை வைக்கோல் என்றால் ஈரம் காயாத வைக்கோல். அதைப் போர் போட்டால் சூடேறி மக்கிப் போகும்.

மரத்துக்கு மட்டும் எதிர்ச்சொல் பட்ட மரம். 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது உங்களுக்கே தெரியும். அப்போது பெரியவர்கள் 'பச்சை மரமெல்லாம் போச்சே' என்று அழுதார்கள். காய்த்துக்கொண்டிருந்த, உயிரோடு நின்ற மரம் என்றுதான் அதற்குப் பொருள்.