மகள் டைட்டில் காட்சி வடிவமைக்கப் போகிறாளாம்: பெற்றோருக்கு ஒரு பதில்

சரித்திரத் தொடர்களின் தொடக்க டைட்டிலை, அதாவது பெயர்கள் வரும் தொடக்கக் காட்சியை, திரும்பத் திரும்பப் பார்க்கிறாள், அதையே தொழிலாகச் செய்யப்போவதாகச் சொல்கிறாள் என்று மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இது வெறும் ஆசைப் பேச்சு அல்ல. எழுத்தையும் படத்தையும் அசையும்படி வடிவமைக்கும் மோஷன் டிசைன் என்ற துறையின் ஒரு கிளை இது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகளில் டைட்டில் வடிவமைப்புக்குத் தனிப் பிரிவே உண்டு. ஆனால் டைட்டில் மட்டும் செய்து பிழைப்பவர்கள் மிகக் குறைவு. விளம்பரம், சேனல் முன்னோட்டம், நிகழ்ச்சி கிராஃபிக்ஸ் என்று ஆண்டு முழுக்க வேலை செய்யும் ஸ்டுடியோவுக்கு இடையில் ஒரு டைட்டில் வரும். 2017இல் நெட்ஃபிளிக்ஸ் தொடக்கத்தைத் தாண்டிச் செல்லும் பொத்தானைக் கொண்டுவந்தது. இன்று பல தொடர்கள் சில விநாடி எழுத்தோடு முடித்துக்கொள்கின்றன. இதையும் தெரிந்துகொண்டே அவள் இறங்க வேண்டும்.

மென்பொருள் ஆர்வத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவள் எப்படிப் பார்க்கிறாள் என்று கவனியுங்கள். பிடித்த ஒரு டைட்டிலைப் போடச்சொல்லி, "இதில் எதை மறைத்து வைத்திருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். சரித்திரத் தொடரின் முடிவு பார்வையாளருக்கு முன்பே தெரியும். அரசன் சாவான், பேரரசு விழும். ஆகவே என்ன நடக்கும் என்பதை வைத்து டைட்டிலால் பதற்றம் உண்டாக்க முடியாது. ஒரு பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டித்தான் உண்டாக்க வேண்டும்.

ரோமப் பேரரசர் குடும்பத்தின் கதை சொல்லும் பிபிசியின் 'ஐ, கிளாடியஸ்' (1976) தொடக்கத்தில் வாளும் இல்லை, படையும் இல்லை. மொசைக் தரையில் ஒரு பாம்பு ஊர்ந்து போகிறது, அவ்வளவுதான். அந்த அரண்மனையில் விஷம் உலவுகிறது என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. 'தி கிரவுன்' (2016) தொடரில் உருகிய தங்கம் ஓடி, கிளைத்து, இறுகுகிறது. மகுடம் முழுதாகத் தெரிவது கடைசியில்தான். 'ரோம்' (2005) தெருச்சுவர்க் கிறுக்கல்களை உயிர்பெற்று அசையவைத்து, இது செனட்டர்களின் கதை மட்டுமல்ல என்று சொல்லிவிடுகிறது. மூன்றிலும் அந்தக் காலத்துக்குரிய ஒரே பொருள், ஒரே செயல். இதை உங்கள் மகள் தானாகக் கண்டு சொன்னால், அவளிடம் இந்தத் தொழிலுக்கான கண் இருக்கிறது. "இசை பிரமாதம், கிராஃபிக்ஸ் பிரமாதம்" என்று நின்றால் இன்னும் பழக வேண்டும்.

கல்லூரிக் கட்டணம் கட்டுமுன் ஒரு சோதனை வேலை செய்யட்டும். 60 விநாடியில், கற்பனையான ஒரு சரித்திரத் தொடருக்கு ஒரு டைட்டில். முதல் இரண்டு வாரம் கணினியைத் திறக்கக் கூடாது. காலத்தைப் படித்து, ஒரு பொருளைத் தேர்ந்து, காட்சியின் தோற்றத்தைக் காட்டும் எட்டு நிலைப்படங்களைக் கையால் வரைய வேண்டும். அவற்றைத் தற்காலிக இசையோடு அடுக்கினால் அனிமேட்டிக். அனிமேட்டிக்கிலேயே பதற்றம் ஏறவில்லை என்றால் முப்பரிமாண வேலை அதைக் காப்பாற்றாது. பெரும்பாலான மாணவர் படைப்புகள் சறுக்கும் இடம் இதுதான்.

பிறகு கணக்கு. விநாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனி நிலைப்படம்), நிமிடத்துக்கு 90 தாளத் தட்டு வேகமுள்ள இசை என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 16 ஃபிரேம். அதே இசையை 25 ஃபிரேமில் வைத்தால் 16.67, வெட்டுகள் தட்டில் உட்காராமல் நழுவும். தொலைக்காட்சிக்கு 25 என்றால் இசையை 100 தட்டுக்கு மாற்றலாம், அப்போது 15. விநாடிக்கு 24 என்றால் 60 விநாடிக்கு 1,440 ஃபிரேம். ஒன்றை ரெண்டர் செய்ய, அதாவது கணினி அதை இறுதிப் படமாக உருவாக்க, 5 நிமிடம் ஆனால் மொத்தம் 120 மணி நேரம், அதாவது முழுதாக 5 நாள். கடைசி வாரத்தில் ஒரு பிழை கண்டால் திரும்பச் செய்ய நேரம் இருக்காது. அதனால் பாதி அளவில் முதலில் ரெண்டர் செய்து பார்க்கப் பழக வேண்டும். முப்பரிமாண வேலைக்கான பிளெண்டரும், படத்தொகுப்புக்கான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் இதற்குப் போதும். தொழிலில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், சினிமா 4டி ஆகிய மென்பொருள்களைக் கேட்பார்கள், பின்னால் கற்கலாம்.

எழுத்தை அலங்காரம் என்று நினைப்பவர்கள் அதிகம். டைட்டில் என்பதே பெயர்களைக் காட்டத்தான். யார் பெயர் முன்னால், எந்த அளவில் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். வடிவமைப்பாளர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஒவ்வொரு பெயரும் நிதானமாக இருமுறை வாசிக்கும் நேரம் நிற்க வேண்டும். பெயர்ப்பட்டியல் கடைசி நாள்வரை மாறும் என்பதால் எழுத்தைத் தனி அடுக்காக வைத்து, பிறமொழி வெளியீட்டுக்கு எழுத்தில்லாத பிரதியும் கொடுக்க வேண்டும். எழுத்துருவுக்கும் காலம் உண்டு. ட்ரேஜன் எழுத்துரு 1989இல் வந்தது என்றாலும் ரோமில் பேரரசர் ட்ரேஜனுக்காக எழுப்பிய கி.பி. 113ஆம் ஆண்டுத் தூணின் கல்வெட்டிலிருந்து பிறந்தது, ரோமுக்குப் பொருந்தும். இடைக்கால ஐரோப்பாவுக்கு அதைப் போட்டால் நெருடும். படத்திலும் இதே கவனம் வேண்டும்: ரோமானியர் அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) பயன்படுத்தவில்லை, ரோமானியக் குதிரைவீரனுக்கு அதை மாட்டினால் விஷயம் தெரிந்தவர் அங்கேயே நம்பிக்கை இழப்பார்.

படிப்பு என்றால் கிராஃபிக் டிசைன், விஷுவல் கம்யூனிகேஷன், அனிமேஷன் மூன்றுமே சரியான வாசல்கள். பாடத்திட்டத்தில் எழுத்துருவியல், கைவரைவு, படத்தொகுப்பு, ஒலி நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மென்பொருள் பெயர்களை மட்டும் அடுக்கும் நிறுவனத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பதிப்புகள் மாறிவிடும். சேருமுன் இறுதியாண்டு மாணவர்களின் படைப்புகளைக் காட்டச்சொல்லுங்கள். எல்லாவற்றிலும் ஒரே தீப்பொறி, ஒரே தங்கத்தூள் பறந்தால், அங்கே ஆயத்த டெம்ப்ளேட்டை மாற்றிப் போடத்தான் கற்றுத்தருகிறார்கள்.

வேலைக்கு அனுப்பும் தொகுப்பில் பத்துப் படைப்பு வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே நிலைப்படங்கள், அனிமேட்டிக், தான் செய்த பங்கு என்ன என்ற ஒரு வரி. பிறர் இசையை அனுமதியின்றிச் சேர்க்க வேண்டாம். அந்த 60 விநாடி வேலைக்கு மூன்று மாதம் கொடுங்கள். முடிந்ததும் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கடைசி ஃபிரேம்வரை உங்கள் கண் விலகவில்லை என்றால் கட்டணத்தைக் கட்டிவிடலாம்.