ஜூலையில் காவ் லாக் வேண்டாம் தம்பி

பாங்காக்குக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, ஜூலை விடுமுறைக்குக் காவ் லாக் கடற்கரைக்குப் போகலாமா, கூட்டமும் இல்லை, ஓட்டலும் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விலை ஏன் இறங்கியது என்று யாரும் சொல்லவில்லையா? மே முதல் அக்டோபர் வரை, காவ் லாக் இருக்கும் அந்தமான் கடல் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து அடிக்கும். சிவப்புக் கொடி நட்டிருந்தால் கால் நனைக்கக்கூட இறங்காதீர்கள்.

கொடி இல்லாத இடத்திலும் கவனம் வேண்டும். அலைகள் உடைகிற வரிசையில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல் தெரியும். குளிக்க வாகாக இருக்கிறதே என்று நம் ஆட்கள் அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகிற வழி அது. இழுத்துவிட்டால் கரையை நோக்கி முட்டி மோதாதீர்கள். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பைத் தாண்டி வாருங்கள். ஆளில்லாத கரையில் காப்பாற்றவும் ஆள் இருக்காது.

ஜூலைக்குத் தாய்லாந்து வளைகுடாப் பக்கம் போங்கள். பிரசுவாப் கிரி கான் மாகாணத்தில் இருக்கும் பான் க்ரூட் எனக்குப் பிடித்த ஊர். ரயிலே நிற்கும். நீளமான கரை, தென்னை, குன்றின் மேல் பெரிய புத்தர். வளைகுடாவில் கொடிய ஜெல்லிமீன் உண்டு. பட்டுவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாமல், தேய்க்காமல், வினிகர் ஊற்றிவிட்டு அவசர மருத்துவ உதவி எண் 1669ஐக் கூப்பிடுங்கள். பைக் வாடகைக்கு எடுத்தால் பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள். உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீட்டுப் பணமும் பெரும்பாலும் வராது.

இதையெல்லாம் எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. வருடக்கணக்காக இங்கே இருந்த நம்மவர்களைக் கேட்டால் பட்டாயாவைத் தவிர வேறு பெயர் தெரியாது. பத்து பேர் வேன் பிடித்து, ஸ்பீக்கரை அலறவிட்டு, பிளாஸ்டிக் தட்டுகளைக் கரையிலேயே போட்டுவிட்டு வருவார்கள். இன்றைக்கும் அப்படித்தான், எனக்கு ஆத்திரமாக வருகிறது. தாய் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமலே காலம் தள்ளிவிடுகிறார்கள்.

எனக்கு அந்த மொழி பான் க்ரூட்டில்தான் ஒட்டியது. எதை வாயில் வைத்தாலும் மீன் சாஸ் வாடை அடிக்கிறது என்று பட்டினி கிடந்த முதல் வருடம் அது. ஸ்டேஷன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அம்மா, சாஸ் போடாமல் காய் வதக்கிக் கொடுத்தார். எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்கு வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவும் வைத்தார். அப்புறம் எழுத்தும் கற்றேன். இப்போது பஸ் பலகை முதல் மருந்துச் சீட்டு வரை நானே படித்துக்கொள்கிறேன்.

காவ் லாக்கை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கடல் அடங்கியிருக்கும். அதற்கு வடக்கே தகுவா பாவில்தான் மணிக்கிராமம் என்ற பழைய வணிகக் குழுவையும் அவனி நாரணம் என்ற குளத்தையும் சொல்லும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அந்த ஊரையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்த ஓட்டல் என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ரயில் டிக்கெட்டை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள், நீண்ட விடுமுறை வந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.