சின்ன நாய்களின் இருமலும் இழுப்பும்: கால்நடை மருத்துவர் பதில்கள்

எங்கள் பொமேரியனுக்கு 9 வயது. சங்கிலியை எடுத்தாலே குதித்துவிட்டு வாத்து கத்துவது மாதிரி இருமுகிறது. பேரனுடைய இருமல் சிரப்பைக் கொடுத்தும் கேட்கவில்லை, டாக்டர்.

முதலில் சிரப்பை நிறுத்துங்கள் அம்மா. குழந்தைகளின் சளி மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் இருக்கும். சர்க்கரை இல்லாதவை சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்ப்பார்கள். இரண்டுமே நாய்க்கு ஆபத்து.

நீங்கள் சொல்வது சளி மாதிரி தெரியவில்லை. குஷியில் குதிக்கும்போதும் கழுத்து இழுபடும்போதும் வரும் இந்த வறட்டு இருமல், பெரும்பாலும் மூச்சுக்குழாய் தளர்ந்துபோனதன் அடையாளம். குழாய் அமுங்கிவிடாமல் தாங்குவது லாட வடிவக் குருத்தெலும்பு வளையங்கள். பொமேரியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற இனங்களில் அவை பலமிழந்து குழாய் தட்டையாகிவிடுகிறது. கழுத்துப் பகுதி மூச்சை இழுக்கும்போது அமுங்கும். நெஞ்சுக்குள் இருக்கும் பகுதி மூச்சை விடும்போது அமுங்கும். அதனால் ஒரே ஒரு எக்ஸ்ரேயில் "ஒன்றுமில்லை" என்று வந்தால் நம்பிவிட வேண்டாம். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் எடுக்கச் சொல்லுங்கள். 9 வயது என்பதால் இதயத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

கழுத்துப்பட்டையை இன்றைக்கே கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். வீட்டில் சாம்பிராணி, கொசுவர்த்திப் புகை வேண்டாம். அப்புறம் எடை. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையென்றால் டீ நேரத்து பிஸ்கட்டை நிறுத்துங்கள். வீட்டில் எல்லோரும் "நான் ஒண்ணுதான் போட்டேன்" என்பார்கள். மொத்தக் கணக்கு நாய்க்குத்தான் தெரியும். குண்டான நாய் இளைத்தாலே பாதி இருமல் அடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஷிட்ஸு திடீரென்று கழுத்தை நீட்டி, "கர்க் கர்க்" என்று மூக்கால் உள்ளே இழுக்கிறது. பயந்து தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் சரியாகிவிடுகிறது.

இது தலைகீழ்த் தும்மல். காற்று வெளியே வராமல் வேகமாக உள்ளே போகும். ஒரு நிமிடத்துக்குள் நின்று, நாய் ஒன்றுமே நடக்காதது போல வாலாட்டினால் பயமில்லை. தொண்டையை மெதுவாகத் தடவி எச்சில் விழுங்க வையுங்கள். தினமும் பல முறை வந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ காட்டுங்கள். வரும்போது செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள். மருத்துவமனைக்கு வந்தால் ஒன்றுகூட அப்படிச் செய்து காட்டாது!

12 வயது ஸ்பிட்ஸுக்கு இதய வால்வு கசிகிறது என்றார்கள். வீட்டில் எதைக் கவனிப்பது, சார்?

அசந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். தினமும் குறித்து வாருங்கள். வழக்கமாக 20 இருந்தது 35, 40 என்று ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், இருமல் இல்லாவிட்டாலும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஹட்ச் செல்போன் விளம்பரம் பார்த்து ஆசைப்பட்ட இனம் என்பதால் பக் வாங்கினோம். வெயிலில் பத்து அடி நடந்தாலே கொறகொறவென்று இழுக்கிறது. பக் என்றால் அப்படித்தான் என்கிறார்களே?

அந்தப் பேச்சுதான் எனக்கு எரிச்சல். குறுகிய மூக்குத் துளையும் நீண்ட மெல்லண்ணமும் (வாயின் மேல்புறத்தில் பின்னால் உள்ள மென்மையான சதை) காற்றை அடைப்பதால் வருவது அது. மூச்சிரைத்துத்தான் நாய் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. அந்த வழியே அடைபட்டால் கத்திரி வெயிலில் உயிருக்கே ஆபத்து. விடியற்காலையில் மட்டும் நடத்துங்கள். நாக்கு நீலம் பாய்ந்தாலோ தள்ளாடினாலோ, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, ஃபேன் காற்றில் வைத்து, உடனே கிளம்புங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூக்குத் துளையை அகலப்படுத்தவும் அண்ணத்தைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை உண்டு. சின்ன வயதிலேயே செய்தால் பலன் அதிகம்.

எங்கள் நாயை போர்டிங்கில் (நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்) விட்டுக் கூட்டி வந்ததிலிருந்து வறட்டு இருமல். சாப்பாடு, ஆட்டம் எல்லாம் வழக்கம்போல.

நாய்க்கு நாய் தொற்றும் இருமலான கென்னல் காஃப் ஆக இருக்கலாம். ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் தானே அடங்கும். சாப்பிட மறுத்தால், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போங்கள், நிமோனியாவாக மாறலாம். இருமல் அடங்கும்வரை தெரு நாயோ பக்கத்து வீட்டு நாயோ நெருங்க விடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை போர்டிங்கில் விடுவதற்கு இரண்டு வாரம் முன்பே இதற்கான தடுப்பூசி போட்டுவிடுங்கள்.